இலையை விட்டு யார் முதலில் எழுவது

பசியைப் பற்றி யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. இதை நான் என் முப்பத்தைந்தாவது வயதில், மேலகரத்தில், மாமனார் வீட்டுப் பட்டாசாலைக் கூடத்தில், வாழையிலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டபோது இலையில் ஐந்தாவது தடவையாகச் சோறு விழுந்திருந்தது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்தொன்பது வயதிலிருந்து நான் டைரி எழுதுகிறேன். அன்றைக்கு என்ன சாப்பிட்டேன், எத்தனை சாப்பிட்டேன் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரி. (“இது டைரியா, பந்தி விசாரணையா?” என்று கல்யாணமான முதல் மாதமே என் மனைவி கோமதி கேட்டுவிட்டாள்.) திருநெல்வேலி சர்வே ஆபீஸில் உத்தியோகம் எனக்கு. பகலெல்லாம் வயலையும் வாய்க்காலையும் சங்கிலி போட்டு அளந்து எழுதுகிற கை, ராத்திரி தோசையை மட்டும் அளக்காமல் விட்டுவிடுமா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் எனக்குக் கல்யாணம். நான் திருவேங்கடத்துக்காரன். கம்பும் சோளமும் விளைகிற காட்டில், மழையை வருஷத்துக்கு நாலைந்து தடவை பார்த்து வளர்ந்தவன். பெண் வீடு மேலகரம். ஒரு பக்கம் தென்காசி, மறு பக்கம் குற்றாலம், நடுவில் வயலும் தென்னந்தோப்பும். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வருகிற மாப்பிள்ளைக்குச் சொதி வைப்பது எங்கள் ஜில்லா வழக்கம். தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்குகிற குழம்பு அது. கூடவே இஞ்சித் துவையல் வைப்பார்கள். சொதி வயிற்றில் மந்தம் செய்யும், இஞ்சி அதைக் கரைக்கும் என்று கணக்கு. இஞ்சி எதற்கு என்று யோசிக்கிற வயதில் நான் இல்லை. இருபத்து மூன்று வயது. எட்டுத் தடவை சோறு வாங்கினேன்.

மாமாவுக்கு (என் மாமனாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) சந்தோஷம் தாங்கவில்லை. அவரும் அந்தக் காலத்தில் பெரிய சாப்பாட்டுக்காரர். அடுப்பங்கரையைப் பார்த்து, “ஏட்டி, சாப்பாடுன்னா இப்படில்லா சாப்பிடணும். கரண்டியை வச்சுக்கிட்டு நிக்காதே, அந்தப் பாத்திரத்தையே இங்கன கொண்டா” என்றார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “போதுமான்னு மாப்பிள்ளையைக் கேளு கோமதி” என்றாள். அத்தை என்னோடு நேரே பேசமாட்டாள். மருமகனோடு நேருக்கு நேர் பேசுவது அந்த வீட்டில் பழக்கமில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதைக் கோமதிக்குச் சொல்வாள். கோமதி அங்கே இல்லாவிட்டால் கதவுக்குச் சொல்வாள்.

மறுநாளே எனக்கு அந்தத் தெருவில் ‘சொதி மாப்பிள்ளை’ என்று பெயர் விழுந்துவிட்டது. வெளியில் கூச்சப்படுவதுபோல் நடித்தேன். உள்ளுக்குள் ஏதோ பட்டம் வாங்கினவன்போல் இருந்தது. இருபத்து மூன்று வயதில் மனிதன் எதையெல்லாம் தன் திறமை என்று நினைத்துக்கொள்கிறான் பாருங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு டைரியே சாட்சி. ஐம்பத்திரண்டில் ராத்திரிக்குத் தோசை பதினொன்று. ஐம்பத்தாறில் எட்டு. அறுபதில் ஐந்து. அறுபத்து மூன்றில் தோசையே ஒத்துக்கொள்ளாமல் போய் இட்லி மூன்று, அதிலும் மூன்றாவது கோமதியின் முகத்துக்காக. சாப்பிட்டு முடித்ததும் நெஞ்சு கரிக்கும். ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு வாசலில் இருபது நடை நடப்பேன். சட்டை சிறுத்துப் போனால் தூக்கிப் போட்டுவிடலாம். பழைய பசிக்குக் கிடைத்த பெயரை அப்படித் தூக்கிப் போட முடியவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, சாரல் காலத்தில், மேலகரம் போகும்போதெல்லாம் அந்தப் பெயர் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வந்து சேர்ந்துகொள்ளும். ஒரு வருஷம் பல்வலி என்றேன். ஒரு வருஷம் ஏகாதசி என்றேன். இன்னொரு வருஷம், திருவேங்கடத்திலிருந்து வருகிற வழியில் கடையநல்லூரில் ஒரு சிநேகிதர் விடவில்லை என்றேன். (கடையநல்லூரில் எனக்கு அன்றும் சரி இன்றும் சரி ஒரு சிநேகிதரும் கிடையாது.)

அறுபத்து நாலு ஆடி மாதம். பிள்ளைகளைத் திருவேங்கடத்தில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு, நானும் கோமதியும் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் போகிறோம். பாவூர்சத்திரம் தாண்டியதும் சாரல் ஜன்னல் வழியாக அடித்தது. கோமதி திரையை இழுத்துவிட்டுச் சொன்னாள்:

“இந்தத் தடவை அப்பா கூட நீங்க நல்லா உக்காந்து சாப்பிடணும்.”

“எப்பவும் அவுக கூடத்தானே உக்காருதேன்.”

“அப்படி இல்ல. மார்கழியிலே காய்ச்சல்லே விழுந்தாகல்லா, அதுலேருந்து சாப்பாடே இறங்க மாட்டேங்காம். ரெண்டு கவளம் வாயிலே வச்சதும் எந்திரிச்சிருதாகளாம். வாசப்படி தாண்டி வெளியே போயும் ஏழு மாசம் ஆச்சாம். சோறு உள்ளே போனாத்தான் ஆளு தேறுவாக, இல்லைன்னா நான் சொல்லுததுக்கு ஒண்ணுமில்லைன்னு வைத்தியர் சொல்லிட்டுப் போயிட்டாராம். அம்மை எழுதியிருக்கா.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரை மூடியிருந்தது. பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

“நான் என்ன செய்யணும், சொல்லு.”

“வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை இலையிலே இருக்கையிலே அப்பா எந்திரிக்க மாட்டாக. அது மரியாதை இல்லைல்லா. அதனாலே நீங்க எந்திரிச்சிரப்பிடாது. வாங்கி வாங்கிச் சாப்பிடுங்க. உங்களைப் பாத்தாவது அவுகளுக்கு ரெண்டு வாய் கூட இறங்கும். உங்க மூணு இட்லி எனக்குத் தெரியும். ஒரு நாளைக்குச் சமாளிங்க.”

“மூணு இட்லி திருநெல்வேலியிலே. அருவியிலே குளிச்சிட்டு வந்தா நான் பழைய ஆளுதான்” என்றேன். இதுதான் நான் கொடுத்த வாக்கு.

மாமா பாதி ஆளாகியிருந்தார். இடுப்பில் வேட்டி ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றியிருந்தது. மோதிரம் கழன்று விழாமலிருக்க அதில் நூல் சுற்றியிருந்தார். “வாருங்க மாப்பிள்ளை” என்று எழுந்தவர், நின்றபடியே கதவைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, காப்பி கூடக் குடிக்காமல், குற்றாலத்துக்கு நடந்தேன். பேரருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒரு தடவை போதாதென்று மூன்று தடவை உள்ளே போய் நின்றேன். மூன்றாவது தடவை வெளியே வந்தபோது வயிற்றுக்குள் ஏதோ பிடியை விட்டதுபோல் இருந்தது. பசி. இருபத்து மூன்று வயதுப் பசி. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் அதை அலுங்காமல் மேலகரம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும். வழியில் ஒரு தட்டிக் கடை. ஈரத் துண்டு, சாரல், குளிரில் பல் கிட்டுகிறது, எண்ணெய்ச் சட்டியில் வாழைக்காய் பஜ்ஜி. ஒன்று மட்டும் என்றுதான் நின்றேன். நாலு சாப்பிட்டேன். (ஐந்தாவது சின்னது என்று கடைக்காரர் தானாகவே போட்டது.) ஐந்தாவது உள்ளே போனதும் பசி, வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து என்னைத் தேடி வந்த பசி என்னோடு கால் மணி நேரம்கூட இருக்கவில்லை.

பன்னிரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு இலை போட்டார்கள். பட்டாசாலையில் இரண்டே இலைகள், பக்கத்தில் பக்கத்தில். சுவர்க் கடிகாரம் எதிரே. வேறென்ன, சொதி.

முதல் சோறு ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. ஓரக்கண்ணால் பார்த்தேன். மாமாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்னச் சின்னக் கவளம், ஆனாலும் சாப்பிட்டார். கோமதியின் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தைப் பார்த்த எந்தப் புருஷனும் மூன்றாவது சோற்றுக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டான்.

“மாப்பிள்ளைக்கு ஊத்துட்டி” என்றார் மாமா.

“அப்பாவுக்கும் ஊத்து” என்றேன்.

நாலாவது சோற்றில் பஜ்ஜி விழித்துக்கொண்டது. மெதுவாக இடது கையால் வேட்டியைத் தளர்த்தினேன். இப்போது மாமா எழுந்தால் பிழைத்தேன். பெரியவர் எழாமல் சின்னவன் எழக்கூடாது என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சட்டம். போதாததற்குக் கோமதிக்குக் கொடுத்த வாக்கு வேறு. மாமா எழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பன்னிரண்டே முக்கால்.

“திருவேங்கடம் பக்கம் மழை உண்டா?” என்றார் மாமா.

“இல்ல மாமா.”

“இங்கன விட மாட்டேங்கு.”

“ஆமா மாமா.”

வெறும் இலையைப் பார்த்தால் அத்தைக்குப் பொறுக்காது. கதவுக்குப் பின்னாலிருந்து, “கோமதி, மாப்பிள்ளை இலை காலியா கெடக்கே, கண்ணு தெரியலையா உனக்கு?” என்று குரல் வரும். ஐந்தாவது சோறு விழுந்தது. ஆகவே இலையில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டே இருப்பதுபோல் இருப்பது என்று முடிவு செய்தேன். ஒரு பருக்கையை இலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்தினேன். ஒரு முருங்கைக்காயை, அதில் சதை என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லாதபடி மென்றேன். திரும்பிப் பார்த்தால் மாமாவும் ஒரு பீன்ஸ் துண்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அதையே இன்னொரு தடவை புரட்டினார். எனக்கு அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனுஷன் ருசித்துச் சாப்பிடுகிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு மணி பத்துக்கு ஆறாவது சோறு. என் சோறு தீர்ந்து வந்தது, அவருடைய சோறும் தீர்ந்து வந்தது, அவ்வளவுதான் காரணம். இருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவரும் எழவில்லை.

ஒன்று முப்பத்தைந்துக்குக் கடிகாரம் இரண்டாகத் தெரிந்தது. நெற்றியில் வேர்த்தது. உள்ளங்கை குளிர்ந்தது. “கோமதி, கொஞ்சம் தண்ணி” என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. விவரிக்கப் போவதில்லை. டைரியில்கூட அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும்தான் போட்டிருக்கிறேன். இலைக்கு வெளியே விழுந்தது என்பதை மட்டும் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ளலாம். எழுந்து ஓடப் பார்த்தேன். தளர்த்திய வேட்டி என்னோடு எழவில்லை. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முற்றத்துத் தூணில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். அத்தை அப்போதுதான், பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, கதவை விட்டு வெளியே வந்தாள். அவள் என் முகத்தை நேரே பார்த்த முதல் சந்தர்ப்பம் இது.

“அய்யோ, மூஞ்சி வெளுத்துட்டே” என்றாள்.

அடுத்து நடந்ததை நான் அரைக்கண்ணால்தான் பார்த்தேன். மாமா எழுந்தார். ஆம், முதலில் எழுந்தது மாமாதான். ஆனால் அதனால் ஆகவேண்டியது ஒன்றும் அப்போது இல்லை. கையைக் கழுவினார். ஆணியில் ஏழு மாசமாகத் தொங்கிய குடையை எடுத்தார்.

“எங்க போறீக?” என்றாள் அத்தை.

“வைத்தியர் வீட்டுக்கு.”

“நீங்களா? பக்கத்து வீட்டிலே யாரையாவது அனுப்புவோம்.”

“ஞாயித்துக்கிழமை எல்லாவனும் அருவிக்குப் போயிருப்பான். மாப்பிள்ளை இப்படிக் கெடக்காக, நான் இங்கன உக்காந்திருக்கவா?”

போய்விட்டார். வைத்தியர் வீடு தென்காசி ரோட்டில் முக்கால் மைல். சாரல் வலுத்துவிட்டிருந்தது. என்னைப் பாயில் படுக்கவைத்துவிட்டு அத்தையும் கோமதியும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவு கவலை இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர், மழையில், தனியாக. எனக்கும் வயிற்று வலியை விட அதுதான் வலித்தது. சாப்பிட வைக்க வந்தவன் மனிதரை மழையில் அனுப்பிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கூடவே வைத்தியர். வைத்தியரைவிட நாலடி முன்னால் மாமா வந்தார்.

வைத்தியர் என் வயிற்றை இரண்டு விரலால் தட்டினார். பூசணிக்காய் தட்டுகிற சத்தம் வந்தது.

“என்ன சாப்பிட்டீக தம்பி?”

சும்மா, “கொஞ்சம் கூடப் போச்சு” என்று சொல்லியிருக்கலாம். என் கெட்ட பழக்கம், அளவு கேட்டால் அளவு சொல்லிவிடுவேன். “சொதிச்சோறு ஆறு தடவை. அப்பளம் மூணு. உருளைக்கிழங்கு ரெண்டு கரண்டி. அதுக்கு முன்னாலே, பத்தே முக்காலுக்கு, அருவிக்கரையிலே பஜ்ஜி நாலு. சரியாச் சொன்னா அஞ்சு.”

“பஜ்ஜியா?” என்றாள் கோமதி. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவள் என்னோடு பேச ராத்திரி ஆயிற்று.

“வழக்கமா எவ்வளவு சாப்பிடுவீக?” என்றார் வைத்தியர்.

“மூணு இட்லி.”

சொதி மாப்பிள்ளை என்ற பட்டம் பன்னிரண்டு வருஷம் கழித்து என்னைவிட்டு இறங்கிப் போனது அந்த மூன்று இட்லியோடுதான். வைத்தியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இஞ்சியைத் தட்டிக் கஷாயம் போடச் சொன்னார். மூன்று நாள் கஞ்சி. “முப்பத்தஞ்சு வயசுக்கு மேலே வயித்தோட மல்லுக்கட்டப்பிடாது தம்பி. அது ஜெயிச்சிரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அடுப்பங்கரையைப் பார்த்து, “ஏட்டி, அந்தச் சொதி மிச்சம் இருக்கா?” என்றார்.

அத்தை அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இருக்கான்னு கேக்கேன். நடந்துட்டு வந்ததுலே பசி வந்துட்டு.”

“ஆறிப் போச்சே.”

“ஆறினா என்ன, போடு.”

இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். யாரும் சொல்லாமல், யாருக்காகவும் உட்கார்ந்திருக்காமல், கை வழிய வழியச் சாப்பிட்டார். கோமதி பரிமாறினாள். அத்தை அடுப்பங்கரையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றது நான் படுத்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது.

சாப்பிட்டு முடித்துவிட்டு என்னிடம் வந்தார். “மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கேன், மறைக்கப்பிடாது. மத்தியானம் நீங்க ஏன் எந்திரிக்கலை?”

“நீங்க எந்திரிக்கலையே மாமா.”

“நான் எப்படி எந்திரிக்க? நீங்க எந்திரிக்கலையே. எனக்கு மூணாவது சோத்துலேயே முடிஞ்சு போச்சு. மாப்பிள்ளை வயிறு நிறையுத வரைக்கும் நீங்க எந்திரிச்சிரப்பிடாது, அவுக அரை வயித்தோட எந்திரிச்சிருவாகன்னு உங்க அத்தை காலையிலேயே சொல்லிட்டா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது. அவருக்கும் வந்தது. கோமதி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் மூளை கலங்கிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லப் போனாள்.

அன்று முதல் மாமா தினமும் சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு வைத்தியர் வீடு வரை நடந்துவிட்டு வர ஆரம்பித்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். பழைய சாப்பாட்டுக்காரர் திரும்பி வரவில்லை. ஆனால் தன் வயதுக்கு உண்டான சோற்றை முழுசாகச் சாப்பிட்டார்.

நாலாவது நாள் நான் கஞ்சியிலிருந்து சோற்றுக்கு வந்தேன். மறுபடி இரண்டு இலை போட்டார்கள். உட்காருவதற்கு முன்னால் மாமா தயங்கினார்.

“இதுக்கு ஒரு வழி பண்ணணும் மாப்பிள்ளை. நம்ம ரெண்டு பேராலேயும் முதல்லே எந்திரிக்க முடியாது. வேற யாராவது எந்திரிக்கணும்.”

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “நான் வேணா கூட உக்காருதேன். நான் எந்திரிச்சதும் ரெண்டு பேரும் எந்திரிச்சிருங்க.”

கோமதி கையிலிருந்த கரண்டியோடு நின்றுவிட்டாள். அந்த வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, வந்தவர் போனவர் சாப்பிட்டு, எல்லாம் ஒழித்துவைத்து, மூன்று மணி சுமாருக்கு அடுப்பங்கரையில் தனியாக உட்காருவதுதான் அத்தையின் சாப்பாடு. அவள் என்ன சாப்பிடுவாள், எவ்வளவு சாப்பிடுவாள் என்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. டைரியில் என் ஒவ்வொரு இட்லியையும் எழுதி வைத்திருக்கிற நான், அதை ஒரு நாளும் கேட்டதுகூட இல்லை.

மாமா கதவைப் பார்த்தார். “சரி, போடு இலையை” என்றார்.

கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்தபடி, மூன்றாவது இலை. முதல் நாள் அத்தை கூச்சத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஐந்தே நிமிஷத்தில் எழுந்துவிட்டாள். பேச்சுப்படி நானும் மாமாவும் பாதிச் சோற்றோடு எழ வேண்டியதாயிற்று. இரண்டாவது நாள் கூச்சம் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது நாள் நாங்கள் முடித்துவிட்டோம். அத்தை எழவில்லை. கோமதியிடம் இன்னும் ஒரு கரண்டி குழம்பு கேட்டாள். அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்தாள். என் கை காய்ந்துவிட்டது. மாமா மீசையைத் துடைத்துக்கொண்டார். கடிகாரம் ஓடியது. அத்தை மறுபடி சோறு வாங்கினாள்.

“ஏட்டி, இவ்வளவு பசியா உனக்கு?” என்றார் மாமா.

அத்தை திரும்பவில்லை. “சோத்தைச் சூடாத் தின்னு நாப்பது வருஷம் ஆச்சுல்லா” என்றாள்.

மாமா எதிரே இருந்த குழம்புச் சட்டியைக் காய்ந்த எச்சில் கை படாமல், இடது கையால், அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நான் கொண்டாடிய பசியும் மாமா தொலைத்த பசியும் இருந்த அந்த வீட்டில் உண்மையான சாப்பாட்டுக்காரர் அத்தைதான் என்பது இப்படித்தான் வெளியே வந்தது. இப்போது எனக்கு இரண்டு இட்லி, ராத்திரி ஒரு டம்ளர் மோர்க்கஞ்சி. அத்தை எங்களோடுதான் இருக்கிறாள். எழுபத்தைந்து வயது, இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம். என் வீட்டுப் பந்தியில் யாரும் அவளுக்கு முன்னால் எழுவதில்லை. அடுப்பங்கரையிலிருந்து கோமதி தினமும் கேட்கிறாள், “அம்மை எந்திரிச்சாச்சா?”

நானும் பிள்ளைகளும் காய்ந்த கையோடு உட்கார்ந்திருப்போம். அத்தை இலையிலிருந்து தலையைத் தூக்காமல், இப்போதெல்லாம் கதவிடம் சொல்லாமல், நேரே என்னிடம்தான் சொல்லுவாள்:

“ரசம் வரலையே மாப்பிள்ளை இன்னும்.”